உயிரணுவின் வாயில்

சென்னைக்கு மேற்கே, பெங்களூர் நோக்கிச் செல்லும் பெருவழியின் ஓரத்தில் பூவிருந்தவல்லி என்னும் ஊர் உள்ளது. மக்கள் நாவில் அது பூந்தமல்லி என வழங்குகின்றது. பூவைத் தன் பெயரிலேயே தாங்கிய அவ்வூர், திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் என்று வைணவ மரபு கூறும். பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பெரியார், அங்கே நந்தவனம் அமைத்து, மலர் பறித்து, மாலை தொடுத்து, நாள்தோறும் காஞ்சிக்கு நடந்து சென்று வரதராசப் பெருமாளுக்குச் சாத்தினார் என்பது வழிவழி வரும் செய்தி. இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவு உண்டு. தொண்டைநாட்டு வெயிலில் அவ்வளவு தூரம் செல்லும் மாலை வாடாமல் போய்ச் சேர்தல் வேண்டும். பூவை வாடாமல் காக்கப் பூத்தொடுப்போர் கையாளும் வழி எளியது; ஈரத்துணி, வாழையிலை, அவ்வப்போது தெளிக்கும் தண்ணீர் ஆகியவையே அவர்தம் கருவிகள்.

பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே கிழக்கே சென்றால் கோயம்பேட்டு மலர் அங்காடியை அடையலாம். விடியற்காலையில் அங்கு வந்து குவியும் மல்லிகை அரும்பு முத்துப் போலத் திரண்டிருக்கும். விரலால் அழுத்தினால் எதிர்த்து நிற்கும். வெயில் ஏறிய பின் அதே அரும்பு தொய்ந்து துவண்டுவிடும், விலையும் இறங்கிவிடும். காலையில் அரும்பினுள் இருந்து, பின்னர் இல்லாமற்போன பொருள் யாது? தண்ணீரே அது. அத்தண்ணீர் அரும்பினுள் எங்கே இருந்தது? அதனை உள்ளே இழுத்து நிறுத்தியது எது? எளியனவாகத் தோன்றும் இவ்வினாக்களைப் பின்தொடர்ந்து சென்றால், உயிரின் அடிப்படை அமைப்பைக் காணலாம். அதற்கும் அப்பால், கோடிக்கணக்கான குழந்தைகளைச் சாவினின்று மீட்ட ஒரு மருந்தையும் காணலாம்.

1665ஆம் ஆண்டில் இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர், தக்கையை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்த்தார். தேன்கூட்டைப் போல் அடுத்தடுத்துச் சிற்றறைகள் தென்பட்டன. துறவியர் மடத்தில் உள்ள சிற்றறையைக் குறிக்கும் ‘செல்’ என்னும் சொல்லை அவற்றுக்கு அவர் இட்டார். உண்மையில் அவர் கண்டவை உயிர் நீங்கிய அறைகளின் வெறுஞ்சுவர்களே. குடியிருந்தோர் நீங்கிய வீட்டைக் கண்டவருக்குக் குடும்பத்தைப் பற்றி என்ன தெரியும்? உள்ளே இருப்பதை அறிய மேலும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1831இல் இராபர்ட் பிரௌன் ஆர்க்கிட் செடியின் உயிரணுக்களை ஆராய்ந்து உட்கரு என்னும் உறுப்பை விளக்கினார். 1838இல் சிலைடன் தாவரங்கள் அனைத்தும் உயிரணுக்களால் ஆனவை என்றார். அடுத்த ஆண்டே சுவான் விலங்குகளும் அவ்வாறே என்றார்.

மல்லிகை இதழின் ஓர் உயிரணுவை நோக்குவோருக்கு முதலில் தெரிவது அதன் சுவர். அது செல்லுலோசு என்னும் நார்ப்பொருளால் ஆனது, உறுதியானது, நீரையும் நீரில் கரைந்தவற்றையும் தடையின்றி விடுவது. சுவரை ஒட்டி உட்புறத்தில் மிக மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. இக்கட்டுரையின் தலைவன் அச்சவ்வே ஆதலின் அதனைப் பின்னர் விரிவாகக் காணலாம். சவ்வுக்குள் கூழ் போன்ற சைட்டோபிளாசம் நிறைந்திருக்கும். பரம்பரைப் பண்புகளைத் தாங்கும் உட்கருவும், ஆற்றலை விளைக்கும் மைட்டோகாண்டிரியாவும், புரதங்களைக் கட்டும் ரைபோசோம்களும் அக்கூழினுள் அமைந்துள்ளன. ரைபோசோமின் வடிவை அணு அணுவாக வரைந்து காட்டியவர்களுள் ஒருவர், 1952இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். அதற்காக 2009இல் வேதியியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார். இவை ஒருபுறம் இருக்க, முதிர்ந்த தாவர உயிரணுவில் பெரும்பகுதி இடத்தை அடைத்துக்கொள்வது நுண்குமிழ் எனப்படும் நீர்ப்பை. அதில் வெறுநீர் இல்லை. சர்க்கரையும் உப்புகளும் கரைந்த நீர் உள்ளது. மல்லிகையின் வீறு அந்தப் பையில்தான் இருக்கின்றது.

கரைந்த பொருள் மிகுந்த இடத்தினின்று குறைந்த இடத்துக்குப் பரவுதல் இயற்கை. ஓர் அறையின் மூலையில் வைத்த மல்லிகை சற்று நேரத்தில் அறை முழுதும் மணக்கின்றது. குவளை நீரில் விட்ட மைத்துளி, கலக்காமலே மெல்ல மெல்லப் படர்கின்றது. இதற்கு விரவல் என்று பெயர். ஆனால் இடையில் ஒரு சவ்வு நின்று, நீரை மட்டும் விட்டுக் கரைந்த பொருளைத் தடுத்தால் என்ன நிகழும்? 1748இல் நோலே என்னும் பிரெஞ்சு அறிஞர் இதனைத் தற்செயலாகக் கண்டார். சாராயம் நிறைந்த குப்பியின் வாயைப் பன்றியின் நீர்ப்பையால் இறுகக் கட்டி நீரில் அமிழ்த்தி வைத்தார். சில மணி நேரத்தில் அத்தோல் வெளிப்புறமாக உப்பிப் புடைத்தது. உள்ளிருந்த சாராயம் வெளியே செல்வதைக் காட்டிலும் மிகுதியாக, வெளியில் இருந்த நீர் உள்ளே புகுந்துவிட்டது. சவ்வு கரைபொருளைத் தடுக்கும்போது, நீரே கரைபொருள் மிகுந்த பக்கத்தை நாடிச் செல்லும். இந்நிகழ்ச்சியே சவ்வூடு பரவல்.

இதனைக் காண ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் இட்டு இரவு முழுதும் வைத்திருந்தால் காலையில் உருண்டு பருத்திருக்கும். மாவடுவை உப்பிட்டுச் சாடியில் வைத்தால், ஒரு துளி நீரும் சேர்க்காமலே, சில நாளில் சாடியில் நீர் ஊறி நிற்கும், காயோ சுருங்கிவிடும். முன்னதில் நீர் உள்ளே சென்றது. பின்னதில் வெளியே வந்தது. இரண்டிலும் அது கரைபொருள் மிக்க பக்கத்தையே நாடியது. ஊறுகாயில் கிருமிகள் எளிதில் வாழ்வதில்லை என்பதற்கும் இது ஒரு காரணம். உப்பில் விழும் கிருமியின் நீரும் மாங்காயின் நீரைப் போலவே உறிஞ்சப்பட்டுவிடும். பாட்டிமார் இந்நெறியின் பெயரை அறியார்; அதன் பயனை நூல் கற்றோரினும் நன்கு அறிவர்.

மல்லிகையின் நீர்ப்பையில் சர்க்கரை கரைந்திருப்பதால், சுற்றிலும் உள்ள நீர் உள்ளே புகுகின்றது. பை பருத்துச் சவ்வைச் சுவரோடு சேர்த்து அழுத்துகின்றது. காற்றடைத்த பந்து தன் தோலை விறைக்கச் செய்வதைப் போன்றது இது. ஆயிரமாயிரம் உயிரணுக்கள் இவ்வாறு ஒன்றோடொன்று நெருக்கி விறைத்து நிற்பதால்தான் எலும்பற்ற இதழ் நிமிர்ந்து நிற்கின்றது. அரும்பு மலராவதிலும் இந்த விறைப்பு அழுத்தத்துக்குப் பங்கு உண்டு. பல மலர்களில், மலரும் வேளை நெருங்கும்போது இதழில் சேமித்த மாவுப்பொருள் சர்க்கரையாக மாறுகின்றது. சர்க்கரை மிகவே நீர் புகுகின்றது. நீர் புகவே உயிரணுக்கள் விரிகின்றன. பறித்த பூவுக்கு வேரினின்று நீர் வாராது. காற்றோ நீரைக் கவர்ந்துகொண்டே இருக்கும். ஈரத்துணி அக்கவர்ச்சியைத் தணிக்கின்றது. காஞ்சிக்குச் சென்ற மாலை வாடாமல் இருந்ததன் உட்பொருள் இதுவே.

சவ்வூடு பரவும் நீரின் ஆற்றல் சிறிதன்று. கரைபொருள் உள்ள பக்கத்தில் போதிய அழுத்தம் கொடுத்தால் நீரைத் திருப்பி ஓட்டவும் இயலும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூரை அடுத்து 2010இல் தொடங்கப்பட்ட ஆலை, கடல்நீரைச் சவ்வுகளின்மேல் பேரழுத்தத்துடன் செலுத்தி, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தருமாறு அமைக்கப்பட்டது. பூந்தமல்லிக்கு அருகில் உள்ள செம்பரம்பாக்கம் ஏரி நீரைப் பருகும் மாநகரம், இவ்வாறு கடலையும் பருகக் கற்றுக்கொண்டது.

ஆயினும் ஆலையின் சவ்வுக்கும் உயிரணுவின் சவ்வுக்கும் பெரும் வேறுபாடு உண்டு. உயிரணுச் சவ்வின் பருமன் மிகச் சிறிது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சவ்வுகளை அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் உயரம் வரும். 1925இல் ஹாலந்து நாட்டு அறிஞர் கோர்ட்டரும் கிரெண்டலும், குருதிச் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்து நீர்ப்பரப்பில் ஒற்றைப் படலமாகப் பரப்பினர். அது சிவப்பணுக்களின் மேற்பரப்பைப் போல் இரு மடங்கு இடத்தை மூடியது. எனவே சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பால் ஆனது என்று முடிவு செய்தனர். அவர்தம் அளவைகளில் இரு பிழைகள் இருந்தன என்பதும், ஒன்றன் பிழையை மற்றொன்று ஈடுசெய்துவிட்டது என்பதும் பின்னர்த் தெரியவந்தன. முடிவு மட்டும் சரியாகவே நிலைத்தது. ஆராய்ச்சி உலகில் இத்தகைய நற்பேறு அரிது.

கொழுப்பின் இடையே நீரில் கரையும் பொருள்கள் எளிதில் நுழைய இயலா. உயிர்வளியும் கரியமில வாயுவும் தாமே புகுந்து செல்லும். சர்க்கரையும் உப்பும் வாயிலில் தடைப்பட்டு நிற்கும். அவற்றுக்கென்று சவ்வில் புரதங்களால் ஆன வாயில்கள் பதிந்துள்ளன. நீருக்கும் தனி வாயில் உண்டு. அதனைக் கண்டறிந்த பீட்டர் ஏக்ரி 2003இல் நோபல் பரிசு பெற்றார். சில வாயில்கள் வெறும் வழிகள். சில, ஆற்றல் செலவிட்டு இயங்கும் ஏற்றங்கள். 1957இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்கௌ கண்டறிந்த ஏற்றம் ஒன்று, ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடிய அயனிகளை வெளியே இறைத்து, இரண்டு பொட்டாசிய அயனிகளை உள்ளே கொள்கின்றது. கிணற்றில் ஏற்றம் இறைப்போன் ஓயலாம். இவ்வேற்றம் ஓய்ந்தால் உயிரணு நெடுநேரம் பிழையாது. விலங்குகளின் உயிரணுவுக்குத் தாவரத்தைப் போல் உறுதியான சுவர் இல்லை அன்றோ! உப்பு உள்ளே தேங்கினால் நீரும் பின்தொடர்ந்து புகுந்து, அது உப்பி வெடித்துவிடும். சிவப்பணுக்களைத் தனி நீரில் இட்டால் நிகழ்வது அதுவே. ஆதலின் நோயாளியின் குருதிக் குழாயில் தனி நீரைச் செலுத்தாமல், நூற்றுக்கு 0.9 பங்கு உப்புக் கரைந்த நீரையே மருத்துவர் செலுத்துகின்றனர்.

இனி, மனிதக் குடலை நோக்கலாம். நாள்தோறும் ஏறத்தாழ 8 அல்லது 9 லிட்டர் நீர் குடலுள் வருகின்றது. பருகும் நீரும் உணவில் உள்ள நீரும் அதில் சிறுபங்கே. உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தநீர் முதலியன பெரும்பங்கு. இவ்வளவும் குடற்சுவரின் உயிரணுக்கள் வழியே மீண்டும் குருதியை அடைகின்றன. கழிவில் செல்வது ஓர் ஆழாக்கு அளவினும் குறைவு. குடலின் உயிரணுக்கள் நீரை நேரே இழுப்பதில்லை. அவை உப்பை உள்ளே கொள்கின்றன. உப்பைத் தொடர்ந்து நீர் வருகின்றது.

இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கும் நோய் காலரா. நோய்க்கிருமி குடற்சுவரைத் துளைத்து உள்ளே செல்வதில்லை. குடலில் தங்கி ஒரு நஞ்சை விடுகின்றது. கல்கத்தாவில் பணியாற்றிய சம்புநாத் தே, கிருமிகளை முற்றும் வடிகட்டி நீக்கிய நீர்மத்தாலேயே முயலின் குடலில் நீர் சுரக்கச் செய்து, 1959இல் இவ்வுண்மையை நிறுவினார். அந்நஞ்சு குடல் உயிரணுவின் வாயில் ஒன்றைத் திறந்து, மூடவொட்டாமல் செய்துவிடுகின்றது. அவ்வழியே குளோரைடு அயனிகள் வெளியேற, சோடியமும் நீரும் அவற்றைத் தொடர்கின்றன. கடுமையான நோயில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் நீர்கூட உடலை விட்டு நீங்கும். கண் குழிந்து, தோல் சுருங்கி, குருதி தடித்து, காலையில் நலமாக இருந்தவர் மாலைக்குள் இறந்துவிடுவார். வாடிய மல்லிகைக்கும் அவ்வுடலுக்கும் நேர்ந்தது ஒன்றே.

வாடிய பூவுக்கு நீர் தெளிப்பது போல் நோயாளிக்கு நீரும் உப்பும் ஊட்டினால் என்ன? ஊட்டிப் பார்த்தனர், பயன் விளையவில்லை. உப்பை மட்டும் உள்ளே கொள்ளும் வழியை நஞ்சு அடைத்துவிடுவதால், குடித்த உப்புநீரும் வெளியேறியது. 1832இல் இலத்தா என்னும் ஸ்காத்துலாந்து மருத்துவர் உப்புநீரைக் குருதிக் குழாயில் செலுத்திச் சிலரைப் பிழைக்கச் செய்தார். அம்முறை நல்லதே, ஆனால் ஊசியும் தூய நீர்மமும் தேர்ந்த கையும் வேண்டும். சிற்றூரில் அவை எங்கே கிடைக்கும்?

விடை, நோயை ஆராயாத ஒருவரிடமிருந்து வந்தது. குடல் எவ்வாறு சர்க்கரையைக் கொள்கின்றது என்று ஆராய்ந்துவந்த இராபர்ட் கிரேன் என்னும் அமெரிக்கர், 1960இல் பிராகு நகரில் கூடிய அறிஞர் அவையில் தம் கருத்தை வெளியிட்டார். குடற்சவ்வில் ஒரு வாயில் உண்டு. அது குளுக்கோசு தனியே வந்தால் திறவாது, சோடியம் தனியே வந்தாலும் திறவாது. இரண்டும் சேர்ந்து வந்தால் இரண்டையும் உள்ளே விடும் என்பது அக்கருத்து. காலரா நஞ்சு அவ்வாயிலைத் தொடுவதில்லை! எனவே உப்புநீரில் குளுக்கோசைச் சேர்த்துக் கொடுத்தால், சர்க்கரை உப்பை அழைத்துச் செல்லும். உப்பு நீரை அழைத்துச் செல்லும். 1968இல் டாக்காவில் நாலினும் கேஷும் நோயாளிகளுக்கு இதனை வாய்வழி கொடுத்து வெற்றி கண்டனர்.

பெருஞ்சோதனை 1971இல் வந்தது. வங்கதேசப் போரால் வீடிழந்து வந்த மக்கள் மேற்கு வங்கத்துப் பன்கான் என்னும் எல்லையூரில் குவிந்தனர்; காலரா பரவியது. மருத்துவமனைத் தரையில் நோயாளிகள் நெருங்கிக் கிடந்தனர். குருதிக் குழாயில் செலுத்தும் நீர்மம் தீர்ந்துபோகும் நிலை வந்தது. அங்குப் பணியாற்றிய மருத்துவர் திலீப் மகலனோபிசு, உப்பு, குளுக்கோசு, சமையற் சோடா ஆகியவற்றைக் கல்கத்தாவில் பொட்டலங்களாகக் கட்டச் செய்து வருவித்தார். பீப்பாய்களில் நீரிற் கரைத்து, நோயாளிகளின் உறவினர் கையாலேயே குவளை குவளையாகப் புகட்டச் செய்தார். தக்க சான்று இல்லாத முறையென்று ஐயுற்ற மருத்துவர் பலர். ஆனால் முன்னர் நூற்றுவரில் 20 முதல் 30 பேர் வரை மாண்ட இடத்தில், இப்போது மாண்டவர் நால்வருக்கும் குறைவு. மருத்துவம் பயிலாத தாயும் தந்தையும் தம் மக்களைக் காத்தனர் என்பதே அவ்வெற்றியின் தனிச் சிறப்பு.

தமிழ்நாடும் இவ்வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. 1992ஆம் ஆண்டு அக்டோபரில், அதுவரை அறியப்படாத புதுவகைக் காலராக் கிருமி ஒன்று சென்னையில் தோன்றிப் பிற இடங்களுக்கும் பரவியது. அதற்கு ஓ-139 எனக் குறிப்பெயர் இட்டனர். பழைய காலராவுக்கு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த பெரியோரையும் அது விடவில்லை. ஆனால் அதன் நஞ்சும் பழைய நஞ்சே. ஆதலின் உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் அதற்கும் உதவியது. பூந்தமல்லி வழியே செல்லும் பெருவழியில் மேற்கே உள்ள வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் இம்மருந்தை மேலும் செப்பஞ்செய்ய முற்பட்டனர். சிறுகுடலில் செரியாமல் பெருங்குடலைச் சென்றடையும் ஒருவகை மாவுப்பொருளை அதனுடன் சேர்த்தனர். அம்மாவு பெருங்குடலில் புளித்துத் தரும் அமிலங்கள் அங்கும் உப்பையும் நீரையும் உள்ளே இழுக்கத் துணைசெய்கின்றன. இதனால் நீர்ப்போக்குக் குறைந்ததை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வயிற்றுப்போக்கு உற்றவருக்கு உப்பிட்ட கஞ்சி கொடுக்கும் தமிழர் வழக்கம், இதனை நோக்க, ஆராயத் தகாத பழமை என்று தள்ளத்தக்கதன்று.

சர்க்கரை நல்லது என்பதற்காக அள்ளிப் போடுதல் ஆகாது. குடலில் கரைபொருள் மிகுந்தால், மாவடுவுக்கு நேர்ந்ததே உடலுக்கும் நேரும். நீர் குருதியினின்று குடலுக்குப் பாயும். இனிப்பு மிக்க குளிர்பானங்கள் வயிற்றுப்போக்குக்கு ஒவ்வாமைக்குக் காரணம் இதுவே. உலகச் சுகாதார நிறுவனமும் 2002இல் தன் பழைய அளவைத் திருத்திக் குறைத்தது. ஒரு லிட்டர் நீருக்கு 20 கிராமாக இருந்த குளுக்கோசு 13.5 கிராமும், 3.5 கிராமாக இருந்த உப்பு 2.6 கிராமும் ஆயின; இவற்றோடு பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராமும் சோடியம் சிட்ரேட் 2.9 கிராமும் சேர்வன.

இவ்வளவில் அமைந்த பொட்டலங்கள் அரசின் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் கிடைக்கின்றன. பொட்டலம் கைக்கு எட்டாத நேரத்தில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தேக்கரண்டியால் தலைவழித்த சர்க்கரை ஆறு கரண்டியும், உப்பு அரைக் கரண்டியும் கரைத்துக்கொள்ளலாம். கரைத்ததும் சுவைத்துப் பார்த்தல் வேண்டும். கண்ணீரினும் மிகுதியாகக் கரித்தால் அதனைக் கொட்டிவிட்டு வேறு கரைத்தல் நலம். குழந்தை வாந்தி எடுத்தாலும் பத்து நிமிடம் பொறுத்துக் கரண்டி கரண்டியாக மீண்டும் புகட்டலாம், தாய்ப்பாலை நிறுத்தலாகாது. கண் குழிந்து, பருக இயலாமல் மயங்கும் நிலையில் இம்மருந்தை நம்பி வீட்டில் இருத்தல் தவறு. உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுதல் வேண்டும். கரைத்து வைத்த நீர் 24 மணி நேரத்துக்கு மேல் நில்லாது. மறுநாள் புதிதாகவே கரைத்தல் வேண்டும்.